சாக்லேட் தொழிற்சாலைக்குப் போவது எப்படி: முன்பதிவு முதல் கடைசித் துண்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்லேட் தொழிற்சாலையைப் பார்க்கச் செல்லும் பலர், சுற்றிப் பார்ப்பதை ஒரு வேலையாகவும் சுவைத்துப் பார்ப்பதை வேறொரு வேலையாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். இயந்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டே நடந்து, கடைசியில் தட்டில் நீட்டப்படும் துண்டுகளை அவசரமாகத் தின்று, பை நிறைய வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அப்படிப் போனாலும் பொழுது இனிமையாகத்தான் போகும். ஆனால் வறுக்கும் அறையில் மூக்கில் ஏறிய மணத்தையும், அரைக்கும் கல்லில் பார்த்த கூழையும், முடிவில் நாக்கில் கரையும் துண்டோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அதன் பிறகு எங்கே சாக்லேட் சாப்பிட்டாலும் அதில் என்ன நடந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். அந்த நோக்கத்தோடு போகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: எந்த மாதிரியான இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாக்லேட் தொழிற்சாலை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறுபட்ட இடங்கள் அடங்கியிருக்கின்றன. காய்ந்த கொக்கோ விதைகளை மூட்டையாக வாங்கி, வறுப்பதில் தொடங்கி உறையிடுவது வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் இடம் ஒன்று. வேறொருவர் தயாரித்த சாக்லேட்டைக் கட்டிகளாக வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றியோ உள்ளே பூரணம் வைத்தோ இனிப்புகளாக்கும் இடம் மற்றொன்று. பெரிய நிறுவனங்கள் பார்வையாளர்களுக்கென்றே தனியாகக் கட்டியிருக்கும் மையங்கள் மூன்றாவது வகை. அமெரிக்காவின் ஹெர்ஷி நிறுவனம் தொழிற்சாலைக்குள் மக்களை அழைத்துச் செல்வதை விட்டுவிட்டு 1973-இல் இப்படி ஒரு மையத்தைத் திறந்தது. இங்கிலாந்தின் பூர்ன்வில்லில் கேட்பரி 1990-இலும், சூரிச் நகரை அடுத்த கில்க்பெர்க்கில் லிண்ட் 2020-இலும் இத்தகைய மையங்களைத் திறந்தன. கில்க்பெர்க் மையத்தின் நடுக்கூடத்தில் நிற்கும் சாக்லேட் நீரூற்று 9 மீட்டருக்கும் மேல் உயரமானது.

மூன்றுமே பார்க்கத் தகுந்தவைதான். சிறு குழந்தைகளோடு செல்வதானால் மையங்களே வசதியானவை. விளையாட்டும் காட்சியும் அங்கே அதிகம். பூரணம் வைத்த இனிப்புகள் உருவாகும் கைவேலையை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் இரண்டாவது வகைக்குச் செல்லலாம். சாக்லேட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், எத்தனை சிறியதாக இருந்தாலும் முதல் வகையையே தேர்ந்தெடுங்கள். இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய, "விதையை இங்கேயே வறுக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

படி 2: முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

கேட்க வேண்டியவற்றில் தலையானது, நீங்கள் போகும் நாளில், போகும் நேரத்தில் இயந்திரங்கள் ஓடுமா என்பது. நான் முதன்முறையாகச் சென்றது ஒரு விடுமுறை நாள். எல்லா இயந்திரங்களும் துணி போர்த்தி நின்றன. வழிகாட்டி பொறுமையாக ஒவ்வொன்றையும் விளக்கினார், ஆனால் மணமும் இல்லை, சத்தமும் இல்லை, சூடும் இல்லை. வாரநாளின் முற்பகல்தான் பெரும்பாலும் நல்ல நேரம். ஒரே நாளில் எல்லா வேலையும் நடக்காது என்பதால், அன்று வறுக்கிறார்களா, அச்சில் ஊற்றுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது ஒவ்வாமை. பால், வேர்க்கடலை, முந்திரி, பாதாம், ஹேசல்நட், சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் ஆகியவை சாக்லேட் கூடங்களில் சாதாரணமாகப் புழங்குபவை. பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டும் பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் ஓடியிருக்கக்கூடும். ஆகவே உங்கள் குழுவில் யாருக்காவது கடுமையான ஒவ்வாமை இருந்தால், அதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் பெறுங்கள். வாசலில் நின்று கேட்டால், அவசரத்தில் தவறான பதில் வரக்கூடும்.

குழுவில் எத்தனை பேர், சுற்றுக்கு எவ்வளவு நேரம், எந்த மொழியில் விளக்குவார்கள், குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா, சக்கர நாற்காலி செல்லுமா, படம் எடுக்கலாமா, சுவைப்பது கட்டணத்தில் அடங்குமா என்பவற்றையும் விசாரித்துவிடுங்கள். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவானால், இயந்திரச் சத்தத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 3: போகும் நாளில் உடலைத் தயார் செய்வது

அன்று வாசனைத் திரவியம் எதையும் பூசிக்கொள்ளாதீர்கள். கொக்கோ வெண்ணெய் சுற்றியிருக்கும் மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பதால், தயாரிப்பவர்களுக்கே அது தொந்தரவு. உங்கள் மூக்குக்கும் அது தடை. புறப்படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காபி, காரமான உணவு, புகை, புதினாச் சுவையுள்ள பற்பசை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு முட்ட உண்டுவிட்டும் போகக் கூடாது. எளிய உணவை அளவாக உண்டுவிட்டுச் செல்வது சரியாக இருக்கும்.

மூடிய காலணி அணியுங்கள். மோதிரம், தொங்கட்டான், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள் என்பதால் அவற்றை வீட்டிலேயே வைத்துவிடலாம். தலைக்கு வலை, தாடிக்கு உறை, மேலே ஒரு வெள்ளை அங்கி என்று அங்கேயே தருவார்கள். வறுக்கும் அறை வெக்கையாகவும், அச்சுகளைக் குளிர்விக்கும் அறை சில்லென்றும் இருக்கும் என்பதால், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு உடை அணிவது வசதி. ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் கேட்டு அனுமதி பெற்று எடுத்துச் செல்லுங்கள். சாக்லேட்டை வாங்கி வரும் எண்ணம் இருந்தால், வெப்பம் புகாத பை ஒன்று அவசியம்.

உள்ளே தண்ணீர் பாட்டிலை அனுமதிக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். உருகிய சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முழுத்தொகுதியும் பிசுபிசுத்த கட்டியாகிவிடும். உற்பத்திப் பகுதியில் கழுவுவதைக் குறைத்து, துடைத்தும் சுரண்டியும் உறிஞ்சியும் துப்புரவு செய்வதற்கு இது ஒரு காரணம். ஈரம் இருந்தால் கிருமி பெருகும் என்பது இன்னொரு காரணம்.

படி 4: உள்ளே, விதையைப் பின்தொடர்ந்து நடப்பது

சுற்று மூட்டைகளிலிருந்து தொடங்கினால், அங்கே அவசரப்படாதீர்கள். சாக்லேட்டின் சுவையில் பெரும்பகுதி தொழிற்சாலைக்கு வருவதற்கு முன்பே, தோட்டத்தில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. கொக்கோக் காயை உடைத்ததும் வெள்ளைச் சதையோடு எடுக்கப்படும் விதைகளைக் குவித்து மூடி, ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாட்கள் நொதிக்கவிடுவார்கள். அந்தச் சதையின் சர்க்கரை முதலில் சாராயமாகவும் பிறகு புளிக்காடியின் அமிலமாகவும் மாறி, குவியல் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, விதையின் முளைக்கும் ஆற்றலைக் கொன்றுவிடும். அதன்பிறகுதான் விதைக்குள் சாக்லேட் மணத்துக்கான மூலப்பொருட்கள் உருவாகின்றன. மூட்டையின் வாயில் மூக்கை வைத்தால் வரும் புளித்த நெடி அந்த நாட்களின் மிச்சம்.

விதையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில், ஐம்பது குழிகள் கொண்ட ஒரு பலகையில் விதைகளை வரிசையாக அடுக்கி, மேலிருந்து ஒரே இழுப்பில் நெடுக்காகப் பிளக்கும் கருவி இருக்கும். பிளந்த விதைகளைப் பார்த்தால், நன்றாக நொதித்தது பழுப்பு நிறத்தில், உள்ளே சிறு சிறு பிளவுகளோடு மடிப்பு மடிப்பாக இருக்கும். ஊதா நிறம் என்றால் நொதித்தது போதவில்லை. சிலேட்டுப் பலகை போன்ற சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் நொதிக்கவே இல்லை. ஒரு ஊதா விதையையும் ஒரு பழுப்பு விதையையும் என் உள்ளங்கையில் அருகருகே வைத்து முகர்ந்து பார்த்த பிறகுதான், இத்தனை நாளும் கசப்பு என்று நான் நினைத்திருந்ததில் பாதி, சரியாக நொதிக்காததன் விளைவு என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மூட்டையிலிருந்து எடுத்த பச்சை விதையை வாயில் போடாதீர்கள். அது மண்ணிலும் பாயிலும் காய்ந்து வந்தது. கிருமிகளை அழிப்பதில் முக்கியமான படி வறுப்பதுதான். பச்சை விதை இருக்கும் பகுதியிலிருந்து வறுத்த பொருள் இருக்கும் பகுதிக்குப் போகும்போது காலணி உறையை மாற்றச் சொல்வதும், கையைச் சுத்தம் செய்யச் சொல்வதும் அதற்காகவே.

வறுக்கும் அறையில் கண்ணைவிட மூக்கும் காதும் அதிகம் வேலை செய்ய வேண்டும். விதையின் வகைக்கும் செய்பவரின் விருப்பத்துக்கும் ஏற்ப 110 முதல் 140 டிகிரி வரையிலான வெப்பத்தில் வறுப்பது பரவலான வழக்கம். தொடக்கத்தில் புளித்த நெடி மூக்கைக் குத்தும். பிறகு அது தணிந்து ரொட்டி சுடும் மணம் வரும். தோல் வெடிக்கும் சத்தம் கேட்கும். அதன் பின்னரே நமக்குப் பழக்கமான சாக்லேட் மணம் எழும். எந்தக் கட்டத்தில் நிறுத்துவார் என்று வறுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில் அந்தத் தொழிற்சாலையின் குணம் தெரிந்துவிடும்.

வறுத்த விதையை உடைத்து, காற்றை ஊதி, இலேசான தோலைத் தூற்றிப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் பருப்புத் துண்டுகளுக்கு நிப்ஸ் என்று பெயர். இவற்றைத் தின்னக் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். சர்க்கரையே இல்லாத அந்தத் துண்டை மெல்ல மென்று, அந்தச் சுவையை நினைவில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசியில் இதை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள்.

பருப்பில் ஏறத்தாழ பாதிக்கு மேல் கொழுப்பு. ஆகவே கல் உருளைகளுக்கு இடையில் உராயும்போதே சூடாகி, தண்ணீர் ஒரு சொட்டும் சேராமல், தானாகவே கூழாக இளகிவிடும். சர்க்கரையையும், சில வகைகளுக்குப் பால்பொடியையும் சேர்த்து, துகள்கள் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு வரும்வரை அரைப்பார்கள். துகள் 30 மைக்ரானுக்கு மேல் போனால் நாக்கு அதை மணல்போல் உணரத் தொடங்கும். அழுத்திக் கொழுப்பைப் பிழியும் இயந்திரம் ஒன்று பெரிய இடங்களில் இருக்கும். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் பெயரில் காப்புரிமை பெறப்பட்ட முறை அது. பிழிந்ததில் வடிவது கொக்கோ வெண்ணெய். எஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோப் பொடி.

என் கணக்கில் முழுச் சுற்றின் உச்சம் அடுத்து வரும் கான்ச் இயந்திரம்தான். 1879-இல் சுவிட்சர்லாந்தின் ரொடோல்ஃப் லிண்ட் உருவாக்கிய இதன் தொட்டி சங்கு ஓட்டின் வடிவத்தில் இருந்ததால், ஸ்பானிய மொழியில் சிப்பியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. சூடான கூழை மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில், காற்றுப் படும்படி கிளறிக்கொண்டே இருக்கும்போது, காரமான அமில ஆவி வெளியேறி, ஒவ்வொரு துகளையும் கொழுப்பு போர்த்திக்கொள்கிறது. வாய்ப்பிருந்தால், கிளறத் தொடங்கியபோது எடுத்த கூழையும் முடியும் தறுவாயில் எடுத்த கூழையும் ஒரே நேரத்தில் சுவைக்கக் கேளுங்கள். ஒரு சிறிய கூடத்தில் இப்படி இரண்டு மரக்கரண்டிகளை என்னிடம் நீட்டினார்கள். முதல் கரண்டியில் பல் கூசும் புளிப்பும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும். இரண்டாவதில் அதே புளிப்பு ஒரு பழத்தின் புளிப்பாக அடங்கி, தொண்டைவரை வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டிலும் சேர்மானம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். நேரம் மட்டுமே வேறு.

கடைசிக் கட்டமான டெம்பரிங்கை, அதாவது சாக்லேட் சரியாக உறையும்படி சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்துவதை, பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம் மட்டுமே பளபளப்பையும், முறிக்கும்போது வரும் 'டக்' என்ற சத்தத்தையும், உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே 34 டிகிரி வாக்கில் உருகும் தன்மையையும் தருகிறது. அதற்காகக் கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிர்வித்து, மறுபடியும் 31, 32 டிகிரிக்கு உயர்த்துகிறார்கள். பிறகு அச்சில் ஊற்றி, அதிரும் மேசையில் வைத்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிக் குளிர்விக்கிறார்கள். சரியாக உறைந்த சாக்லேட் சற்றுச் சுருங்கும் என்பதால், அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டி தானாகவே விழும்.

படி 5: சுவைப்பது

ஆறு அல்லது எட்டு மாதிரிகளுக்கு மேல் வேண்டாம். அதன்பிறகு நாக்கு மரத்துவிடும். நகத்தளவு துண்டு போதும். இடையில் குடிப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர் நாக்கில் படிந்திருக்கும் கொக்கோ வெண்ணெயை உறையச் செய்து, அடுத்த துண்டின் சுவையை மறைத்துவிடும்.

வரிசையைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. நான் பரிந்துரைப்பது, எதுவும் கலக்காத கறுப்புச் சாக்லேட்டுகளை முதலில், பால் சாக்லேட்டை அடுத்து, பூரணம் வைத்தவற்றைக் கடைசியில் சுவைப்பது. இனிப்பு மிகுந்ததை முன்னால் சாப்பிட்டுவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் வெறும் கசப்பாகத் தெரியும். முடிந்தால், ஒரே சதவிகிதத்தில் வெவ்வேறு ஊர் விதைகளால் செய்த இரண்டு மூன்று கட்டிகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். 70 சதவிகிதம் என்று உறையில் போட்டிருந்தால், கொக்கோப் பருப்பும் அதனுடன் தனியாகச் சேர்த்த கொக்கோ வெண்ணெயும் கூடி அந்த அளவு, மீதி பெரும்பாலும் சர்க்கரை என்று பொருள். அது தரத்துக்கான மதிப்பெண் அல்ல. மடகாஸ்கர் விதைகள் சிவந்த பழங்களின் புளிப்புக்கும், எக்குவடோரின் நசியோனால் விதைகள் பூ மணத்துக்கும், கானா விதைகள் நிதானமான, அழுத்தமான கொக்கோச் சுவைக்கும் பெயர் பெற்றவை. விறகுச் சூட்டில் உலர்த்துவது உண்டு என்பதால் பப்புவா நியூ கினியிலிருந்து வரும் சில விதைகளில் புகை நெடி இருக்கும்.

துண்டை எடுத்ததும் பளபளப்பைப் பாருங்கள், காதருகே வைத்து முறியுங்கள், முறித்த இடத்தை முகருங்கள். பிறகு நாக்கின் மேல் வைத்து, ஓரிரு முறை மட்டும் கடித்து உடைத்துவிட்டு, மெல்லாமல் கரைய விடுங்கள். முதலில் வருவது, நடுவில் வருவது, விழுங்கிய பின் தங்குவது என மூன்று கட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு துண்டை வாயில் வைத்து, பாதி கரைந்ததும் விட்டுப் பாருங்கள். சுவை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு மணம் என்பது அந்த நொடியில் தெரியும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்து உணர்வது இங்கே மிகவும் உதவும். நம் மொழியில் அறுசுவையில் இரண்டும் தனித்தனியாகவே இருப்பதால் நமக்கு அது எளிது. கசப்பு நாக்கில் நிற்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் வறளச் செய்யும். கசப்பு தூக்கலாக இருந்தால் வறுத்தது அதிகமாகியிருக்கலாம். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் நீங்கள் பார்த்த ஊதா நிற விதைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் போல் இருந்தால் அரைப்பு போதவில்லை. மூக்கைக் குத்தும் புளிப்பு இருந்தால் கான்ச்சில் கழித்த நேரம் குறைவு. கடைசியில், ஒரு நிப்ஸைக் கேட்டு வாங்கி மறுபடியும் தின்று பாருங்கள்.

கொக்கோவில் தியோபுரோமின் என்ற ஊக்கப் பொருளும் சிறிதளவு காஃபினும் உண்டு. மாலை நேரச் சுவைப்பில் குழந்தைகளுக்குக் கறுப்புச் சாக்லேட்டை அளவோடு கொடுப்பது நல்லது.

படி 6: கேள்விகள்

உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு விவசாயிகளின் வறுமையும், தோட்டங்களில் குழந்தைகள் உழைப்பதும் இன்னும் தீராத துயரங்கள். ஆகவே விதை எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வருகிறது, விவசாயிக்குச் சந்தை விலைக்கு மேல் எவ்வளவு தருகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அக்கறையோடு நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். கூட்டுறவின் பெயரையும் அறுவடை ஆண்டையும் சொல்வார்கள்.

படி 7: வாங்குவதும் கொண்டுவந்து சேர்ப்பதும்

கடைக்குள் நுழைந்ததும் உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, நட்சத்திரம் போட்ட இரண்டு மூன்றை மட்டும் வாங்குங்கள். சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு பட்டியலின் முன்பகுதியிலேயே இருந்தால், அது நீங்கள் இவ்வளவு நேரம் பார்த்த பொருள் அல்ல. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி சாக்லேட் என்ற பெயரில் விற்பதில் பிற தாவரக் கொழுப்பு 5 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சாக்லேட்டை விட்டுச் செல்லாதீர்கள். உருகி மறுபடி உறைந்தால் கொழுப்பு மேலே வந்து வெண்மையாகப் படரும். உண்பதற்குக் கெடுதி இல்லை, ஆனால் முறியும் சத்தமும் வழுவழுப்பும் போய்விடும். வீட்டில் 15 முதல் 18 டிகிரி வரை வெப்பமுள்ள, வெளிச்சமும் வாசனைப் பொருட்களும் இல்லாத இடம் ஏற்றது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால், காற்றுப் புகாத பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் மேலே ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து சொரசொரப்பாகப் படியும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். தியோபுரோமின் அதற்கு நஞ்சு.

வாங்கி வந்ததில் ஒரு கட்டியை ஒரு வாரம் கழித்து, வயிறு அமைதியாக இருக்கும் ஒரு முற்பகலில் பிரித்து, தொழிற்சாலையில் எழுதிய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக ஒரு குறிப்பு எழுதுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.